இரவு எட்டு மணி யாருக்குச் சொந்தம்?

(ஜொகூர் பாருவில் பெற்றோர் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகளைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். அங்கே நம் பிள்ளைகள் எப்படி வாழ்கிறார்கள்? எப்படிப் படிக்கிறார்கள்? எதைப் பெறுகிறார்கள்? எதை இழக்கிறார்கள்? ஆசிரியையாகவும் பெண்கள் விடுதியில் வார்டனாகவும் இருந்தவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

விடுதி என்ற பேச்சை எடுத்தாலே தாய்மார்கள் கேட்கும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். "வயசுக்கு வர்ற புள்ளைய எப்படி டீச்சர் கண்ணு மறைவுல விடுறது?" நியாயமான கேள்வி. அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பதில் சொல்லும் முன் உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் இரவு எட்டு மணி யாருக்குச் சொந்தம்?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்பா விடிகாலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட். மகள் பள்ளி விட்டு வருகிறாள். காய்ந்த துணியை எடுத்து மடிக்கிறாள். சோறு வைக்கிறாள். தம்பியைக் குளிக்க வைக்கிறாள். பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளைக் கழுவுகிறாள். அதற்குள் கூடத்தில் நாடகம் ஓடத் தொடங்கிவிடுகிறது. அவள் புத்தகத்தை விரிக்கும்போது மணி பத்து. கண் சொருகுகிறது. அவளைப் படிக்காதே என்று யாராவது சொன்னார்களா? இல்லை. "நல்லா படிம்மா" என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அண்ணனுக்கும் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் அண்ணனை யாரும் தட்டுக் கழுவக் கூப்பிடவில்லை.

பெண் குழந்தையின் படிப்புக்குக் குறுக்கே நிற்பது அவள் அறிவு அல்ல, பல வீடுகளில் பணமும் அல்ல. அவளுக்கென்று நேரம் இல்லை. இதைத்தான் இன்று நான் சொல்ல வந்தேன். தங்கிப் படிக்கும் பள்ளி ஒரு பெண் பிள்ளைக்குத் தரும் மிகப் பெரிய சொத்து கட்டடமும் அல்ல, கணினி அறையும் அல்ல. யாரும் கை வைக்க முடியாத இரண்டு மணி நேரம்.

இதை நம் முன்னோர் கண்டுகொண்டு இருநூறு ஆண்டு ஆகிறது. யாழ்ப்பாணத்துக்குப் போவோம். ஆண்டு 1824. ஊர் உடுவில். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹாரியட் வின்ஸ்லோ என்ற அம்மையார் அங்கே தமிழ்ப் பெண்களுக்கென்று ஒரு தங்கும் பள்ளியைத் தொடங்கினார். பெரிய தமிழ் - ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்ட மைரன் வின்ஸ்லோவின் மனைவி அவர். பெண் எழுதப் படிக்கக் கற்றால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிய காலம். அந்தக் காலத்தில், வீட்டைவிட்டு அனுப்பிப் படிக்க வை என்றால் யார் அனுப்புவார்? ஆனாலும் அனுப்பினார்கள். முதலில் ஒருசிலர், அப்புறம் பலர்.

1840இல் எலைசா அக்னியூ என்ற ஆசிரியை நியூயார்க்கிலிருந்து வந்து அந்தப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இலங்கையிலேயே இருந்தார். ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. 1883இல் அங்கேயே இறந்தார். ஆயிரம் பெண் மக்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பட்டத்தைவிட வேறொரு செய்திதான் பெரிதாகப் படுகிறது. தம்மிடம் முதலில் படித்த பிள்ளைகளின் மகள்களுக்கும், பிறகு பேத்திகளுக்கும் அவர் பாடம் சொல்லித் தந்திருக்கிறார். இதன் பொருள் என்ன? அந்த விடுதியில் படுத்து எழுந்த பெண், தான் தாயானதும் தன் மகளைக் கைப்பிடித்து அழைத்துவந்து அதே விடுதியில் விட்டிருக்கிறாள். விடுதியைப் பற்றி இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? வெளியே நின்றவர்கள் அஞ்சினார்கள். உள்ளே வாழ்ந்தவர்கள் அஞ்சவில்லை.

சென்னைக்கு வாருங்கள். சகோதரி சுப்பலட்சுமி. 1886இல் பிறந்தவர். பால்ய விவாகம், பதினொரு வயதில் கைம்பெண். அந்த வயதில் அவருக்கு என்ன புரிந்திருக்கும்? தலையை மழித்து, அடுக்களை மூலையில் உட்கார வைப்பதுதான் அன்றைய வழக்கம். அவர் தந்தை அப்படிச் செய்யவில்லை. படிக்க வைத்தார். 1911இல் சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரியாக வெளியே வந்தார் சுப்பலட்சுமி. அடுத்த ஆண்டே தன்னைப் போன்ற இளம் கைம்பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஓர் இல்லம் தொடங்கினார். முதலில் எழும்பூரில் ஒரு வீடு, பிறகு திருவல்லிக்கேணிக் கடற்கரையை ஒட்டிய ஐஸ் ஹவுஸ் கட்டடம். வீட்டில் இருந்தால் விடிவதிலிருந்து அடைவதுவரை மற்றவர்களுக்கு ஏவல் செய்திருக்க வேண்டிய பெண்கள் அங்கே இலக்கணமும் கணக்கும் படித்தார்கள். ஆசிரியைகளாக ஊர் ஊராகப் போனார்கள். கைம்பெண் என்ற நிலை அவர்களைவிட்டுப் போகவில்லை. ஆனால் நேரம் கைக்கு வந்தது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஆண்டுக் கணக்கைப் பார்த்தாலே கதை விளங்கும். பினாங்கில் குழந்தை இயேசு சபைக் கன்னியர் கான்வென்டை நிறுவியது 1852இல். அங்கே தங்கிப் படிக்கும் பெண்களும் ஆதரவற்ற குழந்தைகளும் இருந்தார்கள். அது திருச்சபையின் முயற்சி. அரசாங்கம் என்ன செய்தது? மலாய்ச் சிறுவர்களுக்காகக் கோலகங்சாரில் மலாய்க் கல்லூரி 1905இல் திறக்கப்பட்டது. மலாய்ப் பெண்களுக்கு அதுபோன்ற கல்லூரி கோலாலம்பூரில் திறக்கப்பட்டது 1947இல்! நாற்பத்திரண்டு ஆண்டு இடைவெளி. ஆண் ஆசிரியர்களுக்கான சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தஞ்சோங் மாலிமில் 1922இல் வந்தது. பெண் ஆசிரியர்களுக்கு மலாக்காவின் டுரியான் டாவுனில் பயிற்சிக் கல்லூரி வந்தது 1935இல். அண்ணன் போன பாதையில் தங்கை நடக்க எத்தனை காலம் காத்திருந்திருக்கிறாள் பாருங்கள். இதில் மலாய்க்காரர் வீடு, தமிழர் வீடு என்ற வேறுபாடு கிடையாது.

அதே டுரியான் டாவுனில்தான் 1956இல் துன் பாத்திமா பள்ளி உருவாயிற்று. பிறகு ஜொகூர் பாருவுக்கு இடம் பெயர்ந்தது. இன்று இந்த மாநிலத்தில் பெண்களுக்கான முழுத் தங்குவிடுதிப் பள்ளி என்றால் எல்லார் வாயிலும் வரும் பெயர் அதுதான். அந்தப் பெயருக்கு உரியவர் யார்? மலாக்கா சுல்தானகத்தின் கடைசிக் காலத்தில் பெண்டஹாராவாக, அதாவது முதலமைச்சராக இருந்த துன் முத்தாஹிரின் மகள் துன் பாத்திமா. அவதூறை நம்பி சுல்தான் மஹ்மூட் ஷா அவர் தந்தையையும் குடும்பத்து ஆண்களையும் கொன்றார். பிறகு பாத்திமாவையே மணந்துகொண்டார். அதற்குப் பின் அவர் முகத்தில் சிரிப்பையே யாரும் பார்க்கவில்லை என்கிறது 'செஜாரா மெலாயு' என்ற பழைய மலாய் வரலாற்று நூல். 1511இல் மலாக்கா போர்த்துக்கீசியர் கைக்குப் போன பிறகு, அவர் வயிற்றில் பிறந்த அலாவுடின் ரியாயத் ஷாதான் ஜொகூர் சுல்தானகத்தின் முதல் சுல்தான். இன்னொன்றையும் அந்த நூல் சொல்கிறது. துன் முத்தாஹிரின் பாட்டனார் மணி புரிந்தான், தென்னிந்தியக் கரையிலிருந்து கடல் கடந்து வந்தவர். ஆகவே, தாய்மார்களே, அந்தப் பள்ளி வாசலில் எழுதியிருக்கும் பெயரோடு நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு.

இப்போது உள்ளே போய்ப் பார்ப்போம். விடுதிக்குள் ஒரு நாள் எப்படி நகர்கிறது?

காலை ஐந்து மணிக்கெல்லாம் விளக்கு எரியும். குளியலறை வாசலில் வாளியும் துண்டுமாக வரிசை நிற்கும். முஸ்லிம் பிள்ளைகள் சுபுஹு தொழுகைக்குப் போவார்கள். மற்ற பிள்ளைகள் கட்டிலைச் சரிசெய்து, அலமாரியைப் பூட்டி, சீருடை போட்டுக்கொண்டு உணவுக்கூடத்துக்கு இறங்குவார்கள். ஏழரை மணிக்குள் வகுப்பு. மதியம்வரை பாடம். சாப்பாடு. பிற்பகலில் ஒரு பிரெப், அதாவது பிள்ளைகள் தாமாக உட்கார்ந்து படிக்கும் நேரம். மாலையில் விளையாட்டு, துணி துவைப்பு. பொழுது சாய்ந்ததும் மறுபடி குளியல், சாப்பாடு, தொழுகை. எட்டு மணிக்கு இரவு பிரெப். பத்து மணிக்கு மேல் ஒரு மைலோவும் பிஸ்கட்டும். அப்புறம் விளக்கணைப்பு. பள்ளிக்குப் பள்ளி மணி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் எந்த விடுதியிலும் அந்த இரவு பிரெப் இல்லாமல் இருக்காது.

அந்த இரவு பிரெப்பைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல வேண்டும். நீளமான மேசைகள். தலைக்கு மேலே காற்றாடி சுற்றும் சத்தம். பேச்சு கிடையாது. கைப்பேசி கிடையாது. லாபிஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை என் விடுதிக்கு வந்தாள். நான்கு பிள்ளைகளில் மூத்தவள். முதல் வாரம் அவளால் உட்கார முடியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுவாள். ஒரு நாள் வாசலில் பிள்ளைகள் கழற்றிப் போட்ட செருப்புகளையெல்லாம் ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, யார் செய்யச் சொன்னது?" என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. அவள் கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. மேசைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தேன். பத்து மணிவரை உன் வேலை இந்தப் புத்தகம் மட்டும்தான் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "ரெண்டு மணி நேரமும் எனக்கேவா டீச்சர்?"

அந்தக் கேள்விக்கு நாம் எல்லாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் இல்லையா? பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் தனக்கே தனக்கென்று கிடைப்பது நம்ப முடியாத செய்தியாக இருந்திருக்கிறது. அவள் பெற்றோர் கெட்டவர்களா? ஒருபோதும் இல்லை. மாதந்தோறும் பலகாரம் சுமந்து பஸ் ஏறி வருவார்கள். தோட்டத்து வாழ்க்கை அப்படி. அந்தக் காலத்தில் அம்மா விடிகாலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போனால், ஆயாக் கொட்டகைக்குப் போகிற வயதைத் தாண்டிய குழந்தையை யார் பார்த்துக்கொண்டது? அக்காள்தான். அந்த அக்காள் எந்த வகுப்போடு நின்றாள் என்று உங்கள் பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள்.

வகுப்புகளைப் பற்றியும் சொல்கிறேன். விடுதிப் பள்ளியில் பாடப் புத்தகம் வேறா? இல்லை. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்கு எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம்தான். வேறுபடுவது பாடம் முடிகிற நேரம். வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு மணி அடித்தால் பாடம் முடிந்தது. விடுதிப் பிள்ளைக்குப் பாடம் உணவுக்கூடம்வரை வருகிறது, கட்டில்வரை வருகிறது. கூடுதல் கணிதத்தில் ஒரு கணக்கு வகுப்பில் புரியவில்லை என்றால், இரவு பக்கத்தில் இருப்பவள் பழைய நோட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டுகிறாள். சொல்லித் தருகிறவளுக்குத்தான் இதில் லாபம் அதிகம். தனக்குத் தெரியும் என்று நினைத்தது எங்கே இடறுகிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

வேதியியல் வகுப்பில் நான் கண்ட ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. ஐந்தாம் படிவத்தில் ரப்பர் பால் உறைவதைப் பற்றி ஒரு பாடம் உண்டு. பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்களைச் சுற்றி எதிர்மின்னேற்றம் கொண்ட புரதச் சவ்வு இருக்கிறது. அதனால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அமிலம் ஊற்றினால் அந்த மின்னேற்றம் சமனாகிறது, துகள்கள் மோதிச் சவ்வு உடைகிறது, பால் கட்டியாகிறது. அமோனியா ஊற்றினால் உறையாமல் நிற்கிறது. ஆசிரியை இதைக் கரும்பலகையில் எழுதியபோது ஒரு பிள்ளை கை தூக்கினாள். "எங்க பாட்டி பால் வாளியில அமோனியா ஊத்துவாங்கன்னு சொல்லியிருக்காங்க டீச்சர்" என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அன்று இரவு பிரெப்பில் அந்தப் பாடத்தைக் கேட்க நான்கைந்து பேர் அவள் மேசைக்கு வந்தார்கள். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளை ஒருத்தி. பால் மரம் வெட்டிய குடும்பம் என்று சொல்லிக்கொள்ளக் கூசியவள், பாட்டியின் வேலையை மலாய் மொழியில் மணிக்கணக்கில் விளக்கினாள். இந்தத் துணிச்சலை எந்த டியூஷன் வகுப்பு கொடுக்கும்?

இவ்வளவு புகழ்கிறீர்களே, விடுதியில் குறையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சொல்லாமல் போனால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவளாவேன்.

முதல் குறை, மூத்த மாணவியரின் அதிகாரம். துணி துவைக்கச் சொல்வது, தண்ணீர் பிடித்து வரச் சொல்வது, ஒரு பிள்ளையை எல்லாரும் சேர்ந்து ஒதுக்கி வைப்பது. "நாங்களும் பட்டோம், நீயும் படு" என்ற பழக்கம். 2025இல் சபாவில் ஒரு விடுதி மாணவியின் மரணம் நாட்டையே உலுக்கியது. மரண விசாரணை நீதிமன்றம்வரை போனது. அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தாயும் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டாள். ஆகவே பெற்றோரே, பதிவு நாளன்று கட்டணத்தை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பாதீர்கள். இரவில் எந்த வார்டன் எந்த மாடியில் இருப்பார் என்று கேளுங்கள். பிள்ளை எந்த நாளில், எந்தத் தொலைபேசியில் உங்களை அழைக்கலாம் என்று கேளுங்கள். புகார் சொன்னால் அது யாரிடம் போகும் என்று கேளுங்கள். மாட்டிறைச்சி சமைக்கும் நாளில் உண்ணாத பிள்ளைகளுக்கு மாற்று என்ன என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணாதீர்கள். நல்ல வார்டன் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். தொலைபேசியில் பிள்ளை "நல்லா இருக்கேம்மா" என்று சொன்னால், அந்தக் குரலைக் கேளுங்கள். சொல்லும் குரலும் ஒத்துப் போகவில்லை என்றால் அந்த வாரமே கிளம்பிப் போய்ப் பாருங்கள்.

கண் மறைவில் எப்படி விடுவது என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இதுதான். கண்ணுக்குள் வைத்துக் காப்பது ஒரு வகைக் காவல். பிள்ளை தனக்கு நேர்வதைக் கூசாமல் அம்மாவிடம் சொல்லும்படி வளர்ப்பது இன்னொரு வகை. விடுதிக்கு இரண்டாவதுதான் உதவும். வீட்டுக்கும் அதுதான் உதவும்.

அடுத்த குறை, மொழி. இதைப் பேசும்போது என் மனம் கனக்கிறது. ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் படித்து, மேடையில் முழங்கிப் பேசிய பிள்ளை, ஐந்து ஆண்டு விடுதியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வரும்போது, பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதத் தடுமாறுகிறாள். ஏன்? முழுத் தங்குவிடுதிப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் ஒருசிலரே இருப்பார்கள். தமிழ் வகுப்பு வேண்டுமென்றால் என்ன வேண்டும்? 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், பள்ளி தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும். பதினைந்து! எத்தனையோ பள்ளிகளில் இருபது முப்பது தமிழ்ப் பிள்ளைகள் இருந்தும் வகுப்பு இல்லை. பல இடங்களில் காரணம், கேட்டவர்கள் பதினைந்து பேர் இல்லை. பதினைந்து பிள்ளைகளே இல்லாத இடத்தில் என்ன செய்வது? அங்கேதான் அந்த இரவு எட்டு மணி மறுபடி வருகிறது. வாரத்தில் ஒரு பிரெப்பைத் தமிழுக்கு ஒதுக்கி, வீட்டிலிருந்து கொண்டுபோன நூல்களைப் படித்து, எஸ்.பி.எம்.இல் தமிழும் தமிழ் இலக்கியமும் எழுதிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். விடுமுறையில் பழைய தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வீட்டுக்கே போய்க் கட்டுரை திருத்திக்கொண்டு வந்தார்கள். பிள்ளை துணிந்துவிட்டாள் என்றால் ஆசிரியர் கதவைத் திறக்காமல் இருக்க மாட்டார்.

"எங்க புள்ளைக்கு அந்தப் பெரிய பள்ளியில் இடம் கிடைக்குமா டீச்சர்?" என்று சிலர் யோசிப்பது தெரிகிறது. எல்லாருக்கும் கிடைக்காது, உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது அந்தப் பள்ளிகளுக்குத் தனியாக விண்ணப்பித்துத் தனித் தேர்வு எழுத வேண்டும். எழுத வையுங்கள். கிடைத்தால் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் அதோடு வழி அடைபட்டுவிட்டதா? தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்காகச் சாதாரண இடைநிலைப்பள்ளிகளோடு சேர்ந்த விடுதிகள் இந்த மாநிலத்தில் இருக்கின்றன. தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் அங்கே தங்கித்தான் படித்து முன்னுக்கு வந்தார்கள். ஐந்தாம் படிவம் முடிந்தால் தங்காக்கில் ஜொகூர் மெட்ரிகுலேஷன் கல்லூரி. அங்கேயும் விடுதி வாழ்க்கைதான். பதினேழு வயதில் முதன்முறையாக வீட்டைவிட்டுப் போகிற பிள்ளை, முதல் பருவம் முழுக்க அழுதுகொண்டிருந்தால் மதிப்பெண் என்னவாகும்? ஒரே ஆண்டுப் படிப்பு அது. அழுது முடிப்பதற்குள் தேர்வு வந்துவிடும்.

விடுதிக்கே அனுப்ப மனமில்லாத பெற்றோரும் இங்கே இருக்கிறீர்கள். உங்களை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் விடுதி தருகிற அந்த ஒன்றை வீட்டிலும் தர முடியும். எட்டு மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். தட்டுகளை மகன் கழுவட்டும், அப்பா கழுவட்டும். பத்து மணிவரை அவளைக் கூப்பிடாதீர்கள். தண்ணீர் எடுத்துத் தரச்சொல்லிக்கூடக் கூப்பிடாதீர்கள். இதற்கு விண்ணப்பப் படிவம் வேண்டாம், அமைச்சின் அனுமதி வேண்டாம். இன்றிரவே தொடங்கலாம்.

வாசலில் மேசை மேல் ஒரு தாள் வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு மகளை எந்த இடைநிலைப்பள்ளிக்கு அனுப்புகிறீர்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போங்கள். ஒரே பள்ளிக்குப் பதினைந்து பெயர் சேர்ந்தால் தமிழ் வகுப்புக்கான மனுவை நானே எழுதித் தருகிறேன். இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம். தாய்மார்கள் முதலில் கேளுங்கள். பிள்ளைகளுக்கும் கேள்வி இருந்தால் எழுந்து நின்று கேட்கலாம்.